மின்னதிர்ச்சி அன்று, மின்வலிப்பு

மொரிசியஸ் நாட்டின் போர்ட் லூயியில் கோயில் மண்டபமொன்றில் நடந்த உடல்நல உரையில், மனச்சிதைவு நோய்க்கு ‘மின்னதிர்ச்சிச் சிகிச்சை’ தரலாம் என்று பேச்சாளர் சொன்னதும் முன்வரிசைப் பாட்டி ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். நானும் இந்தச் சொல்லைப் பலமுறை சகித்துவிட்டேன்.

தலையில் மின்னோட்டம் செலுத்தி மூளையில் வலிப்பை வரவழைக்கும் முறை இது; 1938இல் ரோமில் செர்லெட்டி, பினி என்னும் மருத்துவர்கள் இருவரும் தொடங்கியது. ‘எலெக்ட்ரோகன்வல்சிவ் தெரபி’ என்னும் அதன் இன்றைய மருத்துவப் பெயரில் மின்சாரமும் வலிப்பும் உள்ளன. வலிப்பைக் குறிக்கும் லத்தீன் வேருக்குப் பிடுங்குதல், இழுத்தல் என்று பொருள். துடுப்பு வலித்தல் என்கிறோமே, அந்த ‘வலி’யும் இழுத்தலே, அதனால்தான் வலிப்பைப் பேச்சில் இழுப்பு என்கிறோம்.

அதிர்ச்சியோ பிரெஞ்சு ‘எலெக்ட்ரோஷோக்’கின் நிழல். தமிழில் அதிர்ச்சி என்பது சாவுச் செய்தி கேட்டவருக்கு நேர்வது. அறுந்த கம்பியை மிதித்தவருக்கு நேர்வது. இரண்டும் மருத்துவமல்ல. மேலும், இங்கே நோயைத் தணிப்பது மின்சாரமன்று, மூளையில் எழும் வலிப்பு. 1934இல் புடாபெஸ்டில் மெதுனா என்பவர் மின்சாரமே இல்லாமல், நாம் கோயிலில் ஏற்றுகிற கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து ஊசியாகச் செலுத்தி, மனச்சிதைவு நோயாளிகளுக்கு வலிப்பை வரவழைத்தார். அதற்கு என்ன பெயர், கற்பூர அதிர்ச்சியா? இன்றும் மின்னோட்டம் பாய்ந்து வலிப்பு எழாவிட்டால், அதை முறையான சிகிச்சையாக மருத்துவர்கள் கொள்வதில்லை.

மயக்கமருந்தும் தசைத்தளர்த்தியும் கொடுத்தபின் உடல் துடிப்பதில்லையே, வலிப்பு என்பானேன் என்று நண்பர் ஒருவர் மடக்கினார். துடிப்பு அடங்கினாலும் மூளையலைப் பதிவில் வலிப்பு தெரிகிறது. மயங்கிக் கிடப்பவருக்கு எந்த அதிர்ச்சி தெரியும்? ‘வலிப்பு’ என்றாலும் மக்கள் அஞ்சுவார்களே என்றார். போர்ட் லூயியில் 1817இல் பிறந்து வலிப்பை ஆராய்ந்த பிரௌன்-செகாரின் பெயரைத்தான் போ பாசேன் மனநல மருத்துவமனைக்கு வைத்திருக்கிறோம். நமக்கு இச்சொல்லில் கூச்சம் எதற்கு?

சொல் விளைவிக்கும் அச்சத்தால் இழப்பு நோயாளிக்கே. உடல் விறைத்துப் பேச்சற்றுக் கிடக்கும் நிலையில் இம்முறை நன்கு பலன் தருகிறது. குளோசபின் என்னும் மருந்துக்கும் மசியாத மனச்சிதைவில், 2015இல் வெளியான சிறிய அமெரிக்க ஆய்வொன்றில், அம்மருந்தோடு மின்வலிப்பும் பெற்றவர்களில் பாதிப்பேர் தேறினர். மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் ஒருவரும் தேறவில்லை. மருந்துக்குத் துணையாக வருவது இது; நினைவு மங்குதல் போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. இவற்றையெல்லாம் அந்தப் பேச்சாளர் ஒழுங்காகவே விளக்கினார். பாட்டிதான் அதற்குள் எழுந்து போய்விட்டார். மொழிபெயர்ப்பவர்கள் பிரெஞ்சுச் சொல்லின் ஒலிக்கு ஈடு தேடுவதை விட்டு, செய்கையைப் பார்க்கக் கூடாதா?

‘சிகிச்சை’ வடசொல், ‘மருத்துவம்’ என்க என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. எதை ஒட்டினாலும் முன்னே மின்வலிப்பு நிற்கட்டும்.