பழைய வைஸ் வாங்கும்போது எங்கே பார்ப்பது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் மற்றவர்கள் எனாமல் தூக்குவாளிக்கும் தேக்குத் தூணுக்கும் விலை கேட்டுக்கொண்டிருக்க, பட்டறைக்காரர் கண் மூலையில் கிடக்கும் பெஞ்ச் வைஸ் மேல் போகும்: ஸ்க்ரூவை முறுக்கினால் இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி அது. துருவேறியது ஒன்று, பளபளவென்று புது பெயின்ட் அடித்தது ஒன்று என்று இருந்தால், நான் துருப்பிடித்ததைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பேன். பெயின்டுக்குக் கீழே என்ன இருக்கிறதோ, யார் கண்டார்?

வைஸின் உடம்பு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதிலுள்ள கார்பனில் பெரும்பங்கு மெல்லிய கிராஃபைட் செதில்களாக உள்ளே சிதறிக் கிடக்கும். அமுக்கினால் கவலையில்லை. இழுத்தால் ஒவ்வொரு செதிலின் நுனியிலும் விரிசல் தொடங்கலாம். இழுவிசையைவிட மூன்று, நான்கு மடங்கு அமுக்கத்தை அது தாங்கும்.

வைஸை முறுக்கும்போது, பிடித்த பொருள் தாடைகளை வெளிப்பக்கம் தள்ளும். தாடை உடம்போடு சேரும் உள்மூலை இழுபடும். கைப்பிடி 25 செ.மீ., ஒரு சுற்றுக்கு மரை (ஸ்க்ரூவின் திருகு வரி) நகர்வது 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கை 157 செ.மீ. சுற்றிவர, தாடை அரை செ.மீ. நகர்கிறது. 300 மடங்குக்கு மேல்! உராய்வு முக்கால்வாசியைத் தின்றாலும், கை கொடுக்கும் 20 கிலோ இழுப்பு ஒன்றரை டன் பிடியாகிவிடும். பைப் செருகிக் கைப்பிடியை இரட்டிப்பாக நீட்டினால் மூன்று டன். கைப்பிடி வளைந்திருந்தால் யாரோ அதைச் செய்திருக்கிறார் என்றே நினைக்க வேண்டும்.

தட்டிப் பார்த்து ஓசையை வைத்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. கிராஃபைட் அதிர்வை விழுங்கிவிடும். நல்ல வார்ப்பிரும்பே மந்தமாகத்தான் ஒலிக்கும். உள்மூலையைச் சுரண்டிச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவுங்கள். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்ல மேலேறி, வெள்ளைப் பொடியில் முடி போல ஒரு கோடு தெரியும். தெரிந்தால் அந்த வைஸை வைத்துவிட்டு வந்துவிடலாம். சுரண்டிய இரும்பிலேயே மஞ்சள் கோடு தெரிந்தால் உடைந்ததைப் பித்தளை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். இலேசான வேலைக்கு ஆகும், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

துரு ஒரு மின்வேதி வினை. அதை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இதே ஊரில்தான் இயங்குகிறது. அதே வேதியியலைத் திருப்பிப்போட்டால் துரு கழன்றுவிடும்: சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் வைஸைப் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும், ஒரு பழைய இரும்புத் தகட்டைப் பாசிட்டிவ் முனையிலும் கட்டுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வேண்டாம், நச்சுள்ள குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் வெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

ஸ்க்ரூவைத் திருப்பும்போது கைப்பிடி கொஞ்சம் சும்மா சுற்றுவது பல வைஸ்களில் இருப்பதுதான். முறுக்கியதும் மரை ஒரு பக்கமாகச் சாய்ந்து பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூவை முழுக்க வெளியே எடுத்து மரையின் தலையைப் பாருங்கள்: தட்டையாக இருக்க வேண்டும். கத்தி முனை போல ஆகியிருந்தால் உள்ளேயிருக்கும் நட்டும் தேய்ந்திருக்கும். லேத் பட்டறையில் இரண்டையும் புதிதாகக் கடைய ஆகும் கூலியையும் வைஸ் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.