சமையல் மேடைக்குக் கல் எடுக்கிறீர்களா? மஞ்சள்தூளையும் எலுமிச்சையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சமையலறையை மாற்றியமைக்க என்னை அழைப்பவர்களில் பெரும்பாலோர் கல்லை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் அழைக்கிறார்கள். வெள்ளை. அதிலும் சாம்பல் நிற நரம்பு ஓடும் வெள்ளை குவார்ட்ஸ். கடை விளக்கில் அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடையில் யாரும் இறால் குழம்பு வைப்பதில்லை. மாங்காய் ஊறுகாய்க்குத் தாளிப்பதில்லை.

குவார்ட்ஸ் என்று விற்கப்படுவது மலையிலிருந்து அப்படியே அறுத்தெடுத்த பலகை அன்று. பொடித்த குவார்ட்ஸைப் பிசினில் குழைத்து, அழுத்தி, வார்த்துச் செய்வது. பெரும்பாலான பலகைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குவார்ட்ஸ், மீதி பிசின். தண்ணீரை உறிஞ்சாது, நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூச வேண்டாம். விற்பவர் சொல்லும் இந்தக் குணங்கள் உண்மையே. அவர் சொல்லாமல் விடுவது அந்தப் பிசினைப் பற்றி. சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதற்கு ஆகாது. தாளித்த எண்ணெய்ச் சட்டி அதைவிடச் சூடாகவே அடுப்பிலிருந்து இறங்குகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டில் கேஸ் அடுப்புக்கு வலப்பக்கம், சட்டியின் அடி அளவுக்கே பழுப்பு வளையம் ஒன்று விழுந்திருந்தது. அந்த அக்கா எலுமிச்சை, சமையல் சோடா, பிளீச் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்திருந்தார். அது கறை அன்று, பிசினே கருகியது; தேய்த்தால் போகாது. பிளீச் பட்ட இடத்தில் மேற்பரப்பின் பளபளப்பும் போய்விட்டிருந்தது.

வெயில் இன்னொரு கணக்கு. நம்மில் பலர் வீட்டின் பின்புறம் இரண்டாவது சமையலறை வைத்திருக்கிறோம். மீன் பொரிப்பது, விசேஷத்துக்குப் பெரிய பானை ஏற்றுவது எல்லாம் அங்கேதான். பக்கம் திறந்த அந்த இடத்துக்கு குவார்ட்ஸ் போடாதீர்கள். வெயில் படப்பட வெள்ளை மஞ்சளாகும்.

எந்தக் கல்லானாலும் கடைக்காரரிடம் ஒரு வெட்டுத் துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். எண்ணெயில் குழைத்த மஞ்சள்தூளை அதன்மேல் ஓர் ஓரத்தில் தடவுங்கள். மறு ஓரத்தில் எலுமிச்சைச் சாறு, நடுவில் கொஞ்சம் தண்ணீர். இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் துடைத்துப் பாருங்கள். மஞ்சள் தங்கினால் அது உங்கள் வீட்டுக் கல் அன்று. எலுமிச்சை பட்ட இடம் மங்கியிருந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். தண்ணீர் பட்ட இடம் கறுத்திருந்தால் சீலர் வேண்டும். கறுப்புக் கல்லுக்கு இன்னொரு சோதனை உண்டு: வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் தேயுங்கள். துணி கறுத்தால் அது சாயம் ஏற்றிய கல். மலிவாக வருபவற்றில் இப்படியும் இருக்கிறது. துண்டு தர மறுக்கும் கடையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

என் கருத்தைக் கேட்டால், நம் சமையலுக்கு இந்த நாட்டுக் கருங்கல்லை மிஞ்ச ஒன்றும் இல்லை. ரஸ்டன்பர்க் பக்கத்து அடர்சாம்பல், ம்புமலங்கா மாகாணத்தின் பெல்ஃபாஸ்ட் கறுப்பு, எல்லை தாண்டி வரும் ஜிம்பாப்வே கறுப்பு. வியாபாரத்தில் எல்லாமே கிரானைட் என்ற பெயரில்தான் போகின்றன. உள்ளே பார்த்தால் காப்ரோ, நோரைட், டோலரைட் வகைப் பாறைகள். அடர்த்தி அதிகம், உறிஞ்சுவது மிகக் குறைவு, சூட்டைத் தாங்கும். குறை உண்டா? உண்டு. பாலிஷ் போட்ட கறுப்பில் ரொட்டி தேய்த்த மாவுத் துகள் ஒவ்வொன்றும் தெரியும், ஈரத்துணி போன கோடும் தெரியும். அறை இருட்டாகிறது என்பவர்கள் அலமாரிக் கதவை வெள்ளையாக்கிக்கொள்ளலாம்.

சலவைக்கல்லைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. அது கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, புளி, வினிகர் ஊற்றிய காய்கறி ஊறுகாய், எது சிந்தினாலும் அரிக்கும். சீலர் கறையைத் தடுக்குமே தவிர இந்த அரிப்பைத் தடுக்காது. சின்டர்டு கல், அதாவது பீங்கான்போல் உயர்ந்த வெப்பத்தில் சுட்டெடுக்கும் பலகை, வெயிலையும் சூட்டையும் தாங்கும்; ஆனால் விளிம்பு சட்டென்று சில்லு போகும், வெட்டத் தெரிந்த கை வேண்டும்.

பணம் குறைவென்றால் சிப்போர்டின்மேல், அதாவது மரத்துகளை அழுத்திச் செய்த பலகையின்மேல், லேமினேட் தாள் ஒட்டிய மேடையில் எந்த வெட்கமும் இல்லை. அதன் பகை நம் கடற்கரை ஈரமும் சிங்க்கைச் சுற்றிய வெட்டுவாயும்தான். சிங்க்கை இறக்குவதற்கு முன் வெட்டிய மரவாய் முழுவதும் நீர்புகாதபடி பூச்சுப் பூசப்பட்டதா என்று குனிந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பூசாவிட்டால் சிப்போர்டு ஊதிவிடும்.

கல்லுக்கு மாறுபவர்கள் எடையையும் யோசிக்க வேண்டும். 30 மில்லிமீட்டர் கல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 80 கிலோ. 1960-களில் கட்டிய சாட்ஸ்வொர்த் வீடுகளில் பழைய அலமாரியின்மேலேயே கல்லை ஏற்றிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்பலகை ஊதியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இஞ்சி பூண்டு இடிக்கும் சிறு உரலுக்கும் முன்பே ஓர் இடம் குறித்துவிடுங்கள். அது அலமாரியின் பக்கப்பலகைக்கு நேர் மேலே இருக்கட்டும். சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டிய ஓட்டைகளின் முன்னால் ஒரு சாண்கூட அகலமில்லாத கல்தான் மிஞ்சும். அங்கே வைத்து இடித்தால் எந்தக் கல்லும் விரிசல் விடும்.

இனிச் சொல்வது உங்கள் வீட்டு அழகைப் பற்றியது அன்று, கல்லை வெட்டும் பையன்களைப் பற்றியது. பொருத்தி முடித்த மேடையால் யாருக்கும் ஆபத்து இல்லை. வெட்டும்போது எழும் தூசிதான் ஆபத்து; அதில் சிலிகா, அதாவது குவார்ட்ஸ் ஆகியிருக்கும் அதே பொருள், இருக்கிறது. அதன் மிக நுண்ணிய துகள் கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலின் அடிவரை போகும், அங்கேயே தங்கித் தழும்பாக்கும். அந்த நோய் சிலிகோசிஸ். குணமாக்கும் மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் முற்றலாம். காசநோய்க்கும் வழி திறந்துவிடும். இந்த நாட்டுக்கு இது புதிதன்று. தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் இதே நோய்க்காக நடத்திய கூட்டு வழக்கின் இழப்பீட்டு உடன்பாட்டை ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஏற்றது 2019-இல்தான். சுரங்கத்தில் இருந்த தூசி இப்போது கொல்லைப்புறத்துக்கு வந்திருக்கிறது. குவார்ட்ஸ் பலகையில் சிலிகா மிக அதிகம் என்பதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்த வகைப் பலகைகளைத் தயாரிக்கவும் விற்கவும் பொருத்தவும் தடை விதித்துவிட்டது. நான் சொன்ன கறுப்புக் கற்களில் தனிக் குவார்ட்ஸ் சொற்பம். வெளிர்நிற கிரானைட்டில் கணிசமாகவே உண்டு.

டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு வீட்டு முற்றத்தில், இருபது வயதுகூட ஆகாத ஒரு பையன் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமல் வெள்ளைப் பலகையில் சிங்க் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். புருவமெல்லாம் வெள்ளை. பக்கத்துக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கைக்குட்டை அந்தத் துகளைத் தடுக்காது. மெஷினை நிறுத்தச் சொன்னேன். “அளவு தப்பிவிட்டது அண்ணா, பட்டறைக்குத் திரும்பக் கொண்டுபோனால் நாள் போய்விடும்” என்றான். அவன் முதலாளியின் கணக்கு அது.

ஆகவே விலை கேட்கும்போதே இதையும் கேளுங்கள்: எல்லா வெட்டும் பட்டறையில், தூசி அடங்கத் தண்ணீர் விட்டுத்தானே? அதை விலைத்தாளில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். வீட்டில் வெட்ட நேர்வது பெரும்பாலும் அளவெடுத்த நாளில் சிங்க்கும் அடுப்பும் குழாயும் வந்திருக்காததால்தான். மூன்றையும் முன்கூட்டியே வாங்கி, அளவெடுக்க வருபவர் கையில் கொடுத்துவிடுங்கள். குழாய்த் துளை உட்பட எல்லாவற்றையும் அவர்கள் பட்டறையிலேயே போட்டுக் கொண்டுவரலாம்.