ஏறி வந்த ஏணியைக் காணோம்: புதுக் கணினியில் விண்டோஸ் 7

“ஆய்வகத்தில் ஒரு பழைய கருவி இருக்கிறது. அதன் மென்பொருள் விண்டோஸ் 7-ல்தான் ஓடும். கணினி பழுதானதால் புதிது வாங்கினோம். பயாஸ் திரையில் கீபோர்டும் மவுஸும் நன்றாக வேலை செய்கின்றன, பென்டிரைவிலிருந்து பூட்டும் ஆகிறது. மொழி கேட்கும் முதல் திரை வந்ததும் இரண்டும் செத்துவிடுகின்றன. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தும் பார்த்தாயிற்று. என்ன கோளாறு?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஒரு கோளாறும் இல்லை. கீபோர்டு நல்ல கீபோர்டு, பென்டிரைவும் நல்ல பென்டிரைவ். ரேமின் காலில் அழுக்குப் படிந்திருந்தால் ரப்பர் உதவும், ஆனால் அப்போது கணினியே எழுந்திருக்காது. எதற்கெடுத்தாலும் ரப்பரைத் தேடுவது மந்திரித்துத் தாயத்துக் கட்டுவதற்குச் சமம்.

கணினியில் முதலில் விழிப்பது மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிரல். பயாஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இன்றைய மதர்போர்டுப் பலகைகளில் இருப்பது அதன் வாரிசான யுஇஎஃப்ஐ. அதற்கெனச் சொந்த யுஎஸ்பி டிரைவர் (சாதனத்தோடு பேசத் தெரிந்த மென்பொருள்) உண்டு, அதனால்தான் பயாஸ் திரையில் மவுஸ் ஓடுகிறது. விண்டோஸை ஏற்றிவிடும் பூட் லோடர் வந்ததும் தானாக எதையும் படிப்பதில்லை. “இந்த இடத்திலிருந்து இத்தனை செக்டர் எடுத்துக் கொடு” என்று ஃபர்ம்வேரிடம் கேட்கிறது, அது எடுத்துக் கொடுக்கிறது. வருவது பென்டிரைவிலிருந்தா, டிவிடியிலிருந்தா என்று லோடருக்குத் தெரியவும் வேண்டாம். கறுப்புத் திரையில் ‘விண்டோஸ் இஸ் லோடிங் ஃபைல்ஸ்’ என்று ஒரு கோடு இடமிருந்து வலமாக நிரம்புகிறதே, அப்போது நடப்பது இதுதான்: பூட்.விம் என்ற ஒரே கோப்பு முழுசாக ரேமுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறி முடிந்ததும் ரேமுக்குள்ளேயே ஒரு டிரைவ் உருவாகி எக்ஸ் என்ற எழுத்தைப் பெறுகிறது. இன்ஸ்டாலர் ஓடுவது அதிலிருந்துதான்.

விண்டோஸின் மையநிரலான கெர்னலை எழுப்பும் முன் லோடர் ஃபர்ம்வேருக்கு விடைகொடுத்து அனுப்பிவிடுகிறது. யுஇஎஃப்ஐயில் இந்த அழைப்புக்குப் பெயரே ‘எக்ஸிட் பூட் சர்வீசஸ்’. அதற்குப் பிறகு செக்டர் எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. எந்தச் சாதனத்துக்குக் கெர்னலிடம் டிரைவர் இருக்கிறதோ அது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். தான் ஏறி வந்த பென்டிரைவையே விண்டோஸ் இப்போது பார்க்க முடியாமல் நிற்கிறது. ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்த கதைதான். உதைத்த பிறகும் அந்த ஏணி அதற்குத் தேவைப்படுகிறது. ஏனென்றால் உண்மையான விண்டோஸ் இருக்கும் இன்ஸ்டால்.விம் இன்னும் பென்டிரைவிலேயே கிடக்கிறது. அதைத் தேடிக் காணாமல்தான் ‘சிடி/டிவிடி டிரைவர் இல்லை’ என்று இன்ஸ்டாலர் புலம்புகிறது. டிவிடியே இல்லாத கணினியில் இந்தச் செய்தியைப் பார்த்துக் குழம்பி, பென்டிரைவை மாற்றி மாற்றிப் போட்டு நாளைக் கழித்தவர்கள் ஏராளம்.

சரி, டிரைவர் ஏன் இல்லை? மதர்போர்டின் உள் இணைப்பான பிசிஐயில் இணைந்த ஒவ்வொரு சாதனமும் தான் என்ன வகை என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும். யுஎஸ்பி துளைகளை இயக்கும் கன்ட்ரோலர்களில் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பாருங்கள், எந்த வகைக் கன்ட்ரோலர் என்று தெரியும்: 00 என்றால் யுஎச்சிஐ, 10 என்றால் ஓஎச்சிஐ, 20 என்றால் இஎச்சிஐ, 30 என்றால் யுஎஸ்பி 3-க்கான எக்ஸ்எச்சிஐ. விண்டோஸ் 7-ன் பட்டியல் 20-உடன் முடிந்துவிடுகிறது. அது எழுதி முடிக்கப்பட்டது 2009 ஜூலையில், எக்ஸ்எச்சிஐயின் 1.0 வரையறை வெளிவந்ததோ 2010-ல். இன்டெல் பலகைகளில் சில ஆண்டுகள் 20-ம் 30-ம் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் யாருக்கும் வலிக்கவில்லை. 2015-ல் ஸ்கைலேக் பிராசஸருடன் வந்த 100 வரிசை சிப்செட்டில் (மதர்போர்டின் துணைச் சிப்பில்) 20-ஐ எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்துதான் இந்தச் சிக்கல்.

தீர்வு, ஏறும்போதே டிரைவரையும் கையோடு எடுத்துச் செல்வது. வேறொரு விண்டோஸ் கணினி, 8 ஜிபி பென்டிரைவ், சர்வீஸ் பேக் 1 சேர்ந்த 64 பிட் விண்டோஸ் 7, உங்கள் சிப்செட்டுக்கான எக்ஸ்எச்சிஐ டிரைவர் ஆகியவை வேண்டும். டிரைவர் செட்டப் கோப்பாக இருந்தால் பயனில்லை. உள்ளே ஐஎன்எஃப் கோப்பு (டிரைவரின் விவரக் கோப்பு) தெரியும்படி விரித்து வையுங்கள். விண்டோஸோடு வரும் டிஸ்ம் கட்டளையால் பூட்.விம்மை ஒரு காலி ஃபோல்டரில் மவுன்ட் செய்து (திறந்து வைத்து), டிரைவரைச் சேர்த்து, கமிட் (மாற்றத்தைச் சேமி) கொடுத்து மூட வேண்டும். பூட்.விம்முக்குள் 1, 2 என இரண்டு பிரதிகள் உண்டு. இன்ஸ்டாலர் இருப்பது 2-ல். இரண்டிலும் சேர்ப்பது நல்லது. மூடும்போது எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டர் திறந்திருந்தால் பிழை வரும். கமிட் சொல்ல மறந்தால் செய்ததெல்லாம் வீண்.

இன்டெல் டிரைவரில் கன்ட்ரோலருக்கு ஒன்று, துளைகளைப் பிரித்துத் தரும் ஹப்புக்கு ஒன்று எனத் தனித்தனியே இருக்கும். முதலாவதை மட்டும் சேர்த்தால் கீபோர்டு அப்போதும் வராது, ஏனென்றால் கீபோர்டு தொங்குவது ஹப்பின் கீழே. அதோடு இன்ஸ்டால்.விம்மிலும் நீங்கள் போடப்போகும் பதிப்பில் இவற்றைச் சேர்த்தாக வேண்டும். விட்டுவிட்டால் இன்ஸ்டால் முழுசும் ஓடி முடிந்து, பயனர் பெயர் கேட்கும் இடத்தில் கீபோர்டு மறுபடி செத்துவிடும்.

நான் பரிந்துரைப்பது இன்னும் எளிய வழி. 64 பிட் விண்டோஸ் 10 இன்ஸ்டால் பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, சோர்சஸ் ஃபோல்டரில் உள்ள இன்ஸ்டால்.ஈஎஸ்டியை நீக்கிவிட்டு, விண்டோஸ் 7-ன் இன்ஸ்டால்.விம்மை அங்கே வையுங்கள். ஏற்றிவிடுவது விண்டோஸ் 10, இறங்குவது விண்டோஸ் 7. பூட்.விம்மைத் தொடவே வேண்டாம், இன்ஸ்டால்.விம்மில் டிரைவர் சேர்த்தால் போதும். அப்டேட்டுகளை நிறையச் சேர்த்து அந்தக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் ஏற்காது, டிஸ்மாலேயே துண்டுபோட வேண்டும்.

பிசிஐ வழியே இணையும் என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டியிலும் இதே நோய்தான். லோடர் ஃபர்ம்வேரின் துணையோடு எஸ்எஸ்டியிலிருந்து கெர்னலை ஏற்றிவிடும். எழுந்த கெர்னலுக்கு எஸ்எஸ்டி தெரியாது. 7பி என்ற எண்ணோடு நீலத்திரை. இதற்கு மைக்ரோசாஃப்ட்டே இரண்டு திருத்தங்கள் தந்திருக்கிறது: கேபி2990941, அதன் குறையைச் சரிசெய்யும் கேபி3087873. புதிய டிரைவர்களின் ஷா-2 முறை டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் 7 நம்புவதற்கு கேபி4490628, பிறகு கேபி4474419, இந்த வரிசையில் சேருங்கள். பழைய இணைப்பு வகையான சாட்டா எஸ்எஸ்டி போட்டால் என்விஎம்ஈ தலைவலி இல்லை.

திரையில் மட்டும் கதை தலைகீழ். நாலு நிற ஒளிப்பொட்டுகள் வரும் ‘ஸ்டார்ட்டிங் விண்டோஸ்’ இடத்தில் சில கணினிகள் அப்படியே உறைந்து நிற்கும். அங்கே விண்டோஸ் 7 ஏணியை உதைக்கவில்லை, தேடுகிறது: திரையைத் தயார்செய்ய இன்ட் 10 என்ற பழைய பயாஸ் சேவையைக் கூப்பிடுகிறது. சுத்தமான யுஇஎஃப்ஐயில் அந்தப் பெயருக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. பலகையில் பழைய பயாஸைப் போல நடந்துகொள்ளும் சிஎஸ்எம் வசதி இருந்தால் அதை ஆன் செய்து, செக்யூர் பூட்டை ஆஃப் செய்யுங்கள். சிஎஸ்எம் இல்லாத பலகைகளுக்கு யுஇஎஃப்ஐசெவன் என்ற சிறு நிரல் உண்டு. லோடருக்கு முன்னால் நின்று அந்தச் சேவையைப் போல நடித்துக் காட்டும். இன்டெல் ஏழாம் தலைமுறையிலிருந்து உள்ளிணைந்த கிராஃபிக்ஸுக்கு விண்டோஸ் 7 டிரைவரை இன்டெல் தரவில்லை. ஜிடிஎக்ஸ் 1050 போன்ற தனி அட்டை போட்டால் அந்தக் கவலை தீரும்.

பின்பக்கம் பிஎஸ்/2 துளை (கீபோர்டுக்கான பழைய வட்டத் துளை) உள்ள பலகை கிடைத்தால் விடாதீர்கள். அதன் டிரைவர் விண்டோஸோடு பிறந்தது, அந்தக் கீபோர்டு எந்தக் கட்டத்திலும் சாகாது. சில பலகைகளின் பயாஸில் ‘பிஎஸ்/2 சிமுலேட்டர்’ என்றோ, போர்ட் 60/64 எமுலேஷன் என்றோ இருக்கும். விண்டோஸ் பிஎஸ்/2 சிப்பைப் படிப்பதாக நினைத்து 60-ஆம் போர்ட்டைத் தொடும்போதெல்லாம், சிப்செட் பிராசஸரைத் தட்டி நிறுத்தி, ஃபர்ம்வேரை உள்ளே அழைத்து, யுஎஸ்பி கீபோர்டில் அழுத்திய எழுத்தை அங்கே வைக்கச் சொல்லும். விண்டோஸுக்கு இது தெரியவே தெரியாது. இதன் கச்சிதத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆனால் உயிர்பெறுவது கீபோர்டும் மவுஸும் மட்டும்தான், பென்டிரைவ் அல்ல. சாட்டா டிவிடி டிரைவ் இருந்தால் இரண்டும் சேர்ந்து வேலையை முடித்துவிடும்.

பொதுப்பணத்தில் லட்சக்கணக்கில் கருவி வாங்கும் கல்லூரிகள், அதன் மென்பொருள் எத்தனை ஆண்டு எந்த ஓஎஸ்ஸில் ஓடும் என்பதை டெண்டரிலேயே எழுதி வாங்க வேண்டும். கருவி இருபது ஆண்டு உழைக்கும், கணினி உழைக்காது. ஆராய்ச்சி நிதியில் கருவியின் விலைக்கு இடமிருக்கிறது. அதை உயிரோடு வைத்திருக்கும் செலவுக்கும் ஒரு வரி ஒதுக்கினால் இந்தக் கேள்வியே எழாது.

விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது. எனவே கருவியோடு மட்டும் பேசும் அந்தக் கணினியில் நெட்வொர்க் கேபிளைச் செருக வேண்டாம். கணினி வாங்கும் முன் கடையிலேயே ஒன்று பார்த்துவிடுங்கள்: டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி கன்ட்ரோலரின் மேல் வலது கிளிக், பிராப்பர்டீஸ், டீடெயில்ஸ், கம்பாட்டிபிள் ஐடி. எல்லாக் கன்ட்ரோலரும் 0330 என்று முடிந்தால் மேலே சொன்ன வேலை அத்தனையும் உண்டு. ஒன்றாவது 0320 என்று முடிந்தால், அதோடு இணைந்த துளையைக் கண்டுபிடித்துப் பென்டிரைவையும் கீபோர்டையும் அங்கே செருகுங்கள்.