கனடா விடுதிப் பள்ளிகளின் சுகாதார விதிகள்: 1910 ஒப்பந்தம் சொன்னதும் நடந்ததும்

செப்ரெம்பர் 30 அன்று ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பகுதிப் பள்ளிகளுக்கு எங்கள் பிள்ளைகளும் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போகிறார்கள். 2021 முதல் அது உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள். ஏன் அந்தச் சட்டை என்று பிள்ளை கேட்டால், பூர்வகுடிப் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் கொடுமைப்படுத்தினார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சற்று வளர்ந்த பிள்ளை அடுத்த கேள்வியையும் கேட்கும்: அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? விதிகள் இருந்தன. நோய்க்கு, காற்றோட்டத்துக்கு, தீக்கு, மரண விசாரணைக்கு என்று எழுத்தில் இருந்தன. அவை ஏன் பிள்ளைகளைக் காக்கவில்லை என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் அமைப்பு. கட்டடத்துக்கும் செலவுக்கும் பணம் கொடுத்தது மத்திய அரசின் இந்தியர் விவகாரத் துறை (பூர்வகுடிகளைத்தான் அன்று 'இந்தியர்' என்றார்கள்). பள்ளியை நடத்தியவை கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிற்றேரியன் திருச்சபைகள். பழைய மாணவர்களுக்கான பிற்கால இழப்பீட்டு உடன்படிக்கையில் சேர்க்கப்பட்ட பள்ளிகள் மட்டும் 139. அவற்றில் ஏறக்குறைய 150,000 பிள்ளைகள் வைக்கப்பட்டார்கள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில்.

இதில் கவனிக்க வேண்டியது பணம் கொடுத்த முறை. 1892 இல் அரசு தலைக்கணக்கு மானியம் கொண்டுவந்தது. பள்ளியில் எத்தனை பிள்ளைகளோ, அத்தனைக்கு ஆண்டுக்கு இவ்வளவு டொலர். பிள்ளை குறைந்தால் பணம் குறையும். ஆனால் விறகுச் செலவும் ஆசிரியர் சம்பளமும் குறையாது. எனவே பள்ளித் தலைவர் கட்டிலை நிரப்பப் பார்ப்பார். இருமும் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அது மானியத்தில் ஓர் ஓட்டை. பின்னால் எழுதிய சுகாதார விதிகள் எல்லாம் இந்தக் கணக்கின் மேல்தான் எழுதப்பட்டன. என் பார்வையில் முழுக் கதைக்கும் அடி இதுதான்.

1907 இல் துறையின் தலைமை வைத்திய அதிகாரி பீற்றர் பிறைஸ் மனிற்றோபா, சஸ்காச்சுவான், அல்பேர்ட்டா மாகாணங்களில் 35 பள்ளிகளைப் பார்வையிட்டார். காற்றோட்டம் இல்லாத தங்கும் கூடங்களில், குளிருக்காக ஜன்னல்களை அடைத்துவிட்டு, காசநோய்ப் பிள்ளைகளும் நலமான பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தார்கள். பழைய மாணவர்களின் நிலையைக் கேட்டு அவர் அனுப்பிய கேள்விகளுக்கு 15 பள்ளிகள் பதில் எழுதின. அந்தப் பதில்களில் இருந்த 1,537 பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இறந்திருந்தார். ஒரு பள்ளியில் படித்து வெளியேறியவர்களில் 69 சதவீதம் பேர் உயிரோடு இல்லை. பள்ளிகளை அரசே முழுதாக எடுத்து, காசநோய் மருத்துவமனைபோல வைத்தியக் கண்காணிப்பில் நடத்த வேண்டும் என்று அவர் கேட்டார். செலவு அதிகம் என்று அது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக அரசும் திருச்சபைகளும் செய்துகொண்டதுதான் 1910 ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தை வாசித்தால் நல்ல ஆவணம் என்றே தோன்றும். பிள்ளை நலமாக இருக்கிறது என்று வைத்தியர் எழுதித் தராமல் சேர்க்கக் கூடாது. படுக்கும் கூடத்தில் ஒரு பிள்ளைக்குக் குறைந்தது 500 கன அடி காற்றிடம் வேண்டும்; எட்டடிக் கூரை என்றால் ஏறக்குறைய எட்டுக்கு எட்டு அடித் தரை. வகுப்பறைக்கு 250 கன அடி, தரையில் 16 சதுர அடி. தொற்றுநோய்ப் பிள்ளைகளைப் பிரித்து வைக்க இடம் வேண்டும். கட்டடத்தின் நிலையைப் பார்த்துப் பள்ளிகள் மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டன. மேல்தரத்துக்குக் கூடுதல் மானியம். மானியத்தொகையும் கூட்டப்பட்டது. பிறைஸ் கேட்டதில் ஒரு பகுதியாவது நிறைவேறியது என்று அன்று யாராவது நம்பியிருந்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் தலைக்கணக்கு மாறவில்லை. முதல் உலகப் போர்க்கால விலையேற்றம் கூட்டிய பணத்தை விழுங்கியது. 1920 இல் இந்தியர் சட்டத்தைத் திருத்தி, 7 முதல் 15 வயது வரையான பிள்ளைகளைக் கட்டாயமாக அனுப்ப அரசு அதிகாரம் எடுத்துக்கொண்டது. 1930களில் மானியம் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டது. 1937 இல் இந்தப் பள்ளிகளுக்குச் சராசரியாக ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 180 டொலர். அதே காலத்தில் மனிற்றோபாவின் காது கேளாதோர் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு 642 டொலர் போனது. 180 டொலரில் உணவு, உடுப்பு, வெப்பம், மருந்து எல்லாம் முடிய வேண்டும். வைத்தியப் பரிசோதனை பல இடங்களில் படிவத்தை நிரப்புவதோடு நின்றது. பிறைஸை 1921 இல் ஓய்வில் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு தன் கண்டுபிடிப்புகளை அவரே சிறு நூலாக வெளியிட்டார். தலைக்கணக்கு மானியம் 1957 வரை நீடித்தது.

உணவும் இதே கதை. 1940களில் இந்தப் பள்ளிகளின் சமையலறைகளைச் சோதித்த நிபுணர்கள் பிள்ளைகளுக்குச் சத்துப் போதவில்லை என்று கண்டார்கள். உடனே பால் கொடுத்திருக்கலாம். கொடுக்காமல், 1948 முதல் 1952 வரை ஆறு பள்ளிகளில் ஏறக்குறைய 1,000 பிள்ளைகள் மீது சத்துணவுப் பரிசோதனை நடத்தினார்கள். ஒரு பள்ளியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பரிந்துரைத்த அளவில் பாதிக்கும் குறைவான பாலையே இரண்டு ஆண்டுகள் தொடரவிட்டார்கள். பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை.

தீ விதி இன்னும் நெஞ்சை வருத்தும். தீப்பிடித்தால் தப்பி வெளியேறும் தீவழிகளைப் பூட்டக் கூடாது என்று துறை சொல்லியிருந்தது. பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்ற பயத்தில் பூட்டினார்கள். பல பள்ளிகளில் தீவழி என்பது படிக்கட்டே அல்ல, வெளியே நட்ட ஒரு கம்பம். அதற்குப் போகும் ஜன்னலுக்கும் பூட்டு. 1927 இல் சஸ்காச்சுவானின் போவால் பள்ளி எரிந்தபோது 19 சிறுவர்களும் ஒரு கன்னியாஸ்திரியும் இறந்தார்கள். மொத்தம் 53 பள்ளிகள் தீயில் அழிந்தன, குறைந்தது 40 மாணவர்கள் உயிரிழந்தார்கள்.

பிள்ளை இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 1935 இல்தான் முறையான விதி வந்தது. பள்ளித் தலைவர் துறையின் உள்ளூர் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அவர் மூவர் குழு கூட்டி விசாரிப்பார். மற்ற இருவர் யார்? அதே பள்ளித் தலைவரும், இறந்த பிள்ளைக்கு வைத்தியம் பார்த்த வைத்தியரும். பதில் சொல்ல வேண்டியவர்களே நீதி சொல்ல உட்கார்ந்தார்கள். பெற்றோர் வந்து வாக்குமூலம் கொடுக்கலாம். ஆனால் அவர்களுக்காக விசாரணையை 72 மணி நேரத்துக்கு மேல் தள்ளிவைக்கக் கூடாது. சாலை இல்லாத வடபகுதியில், பல நூறு மைல் தொலைவில் இருந்த தாய்க்கு அந்த 72 மணி நேரம் எதற்குப் போதும்? உடலை ஊருக்கு அனுப்பச் செலவு அதிகம் என்றால் பள்ளிக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

தப்பி ஓடிய பிள்ளையை உடனே தேட வேண்டும் என்ற விதி 1953 இல் வந்தது. நாடு முழுவதற்குமான நடைமுறை 1971 இல். குறைந்தது 33 பிள்ளைகள் ஓடிப்போய் இறந்தார்கள், பெரும்பாலும் குளிரில்.

இழப்பீட்டு உடன்படிக்கை 2007 இல் நடைமுறைக்கு வந்தது. உயிரோடு இருந்த பழைய மாணவர்களுக்கு முதல் ஆண்டுக்கு 10,000 டொலர், அதற்குமேல் தங்கிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000 டொலர். பாலியல் வன்முறைக்கும் கடும் உடல் வன்முறைக்கும் தனி விசாரணை வழி. அந்த விண்ணப்பக் காலங்கள் முடிந்துவிட்டன. உடன்படிக்கையின்படி அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015 இல் 94 கோரிக்கைகளை வைத்தது. 71 முதல் 76 வரையானவை காணாமற்போன பிள்ளைகளையும் புதைத்த இடங்களையும் பற்றியவை. ஆணைக்குழு பதிவு செய்த 3,200 மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு அரசோ பள்ளியோ பெயர்கூட எழுதிவைக்கவில்லை. ஏறக்குறைய பாதிக்கு மரணக் காரணம் இல்லை. மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் இயங்கும் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நிலையம் அந்தப் பட்டியலைத் தொடர்கிறது. இப்போது அதில் 4,000க்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். பழைய மாணவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் தங்கள் பள்ளிப் பதிவுகளை அந்த நிலையத்திடம் கேட்டுப் பெறலாம்.