கார் ஃபெர்ரிக்குக் கரையில்தான் வேலை

நிலத்துக்கும் தீவுக்கும் நடுவே ஓடும் சிறிய கார் ஃபெர்ரிக்குக் கடலைக் கடப்பது பெரிய வேலை இல்லை. இருபது நிமிடத்தில் அக்கரை வந்துவிடும். கரையைத் தொடுவது, வண்டிகளை இறக்குவது, ஏற்றுவது, மறுபடி கிளம்புவது, இவைதான் கடினம். அதையே நாள் முழுக்கச் செய்ய வேண்டும். அந்தப் படகின் உறுப்புகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று கேட்டால், பெரும்பாலும் பதில் கரையில்தான் கிடைக்கும்.

முதலில் வடிவம். இவற்றில் பலவற்றுக்கு முன், பின் என்ற வேறுபாடே கிடையாது. இரு முனையிலும் சாய்தளம், இரு முனையிலும் புரொப்பல்லர், நடுவில் உயரத்தில் மாலுமி அறை. ஒரு முனையில் ஏறிய கார், மறுமுனையில் நேராக இறங்கிப் போய்விடும். படகும் திரும்ப வேண்டாம், காரும் பின்னோக்கி வர வேண்டாம்.

இதனால் கரையில் மிச்சமாகும் ஒன்றிரண்டு நிமிடத்தின் மதிப்பு சாதாரணமானதல்ல. படகைத் தள்ளத் தேவையான திறன், ஏறத்தாழ வேகத்தை மூன்று முறை பெருக்கிய கணக்கில் (1.1 × 1.1 × 1.1 போல) கூடுகிறது. வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் திறன் 33 சதவீதம் கூட வேண்டும். 20 நிமிடத்தில் கடக்கும் தூரத்தை 22 நிமிடத்தில் கடந்தால், அந்தப் பயணத்துக்கான ஆற்றலில் சுமார் 17 சதவீதம் மிச்சமாகும். கரையில் சேமித்த நிமிடம் கடலில் எரிபொருளாகத் திரும்பி வருகிறது.

கரையிலோ எதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஓதத்தோடு கடல்மட்டம் ஏறி இறங்குகிறது, படகும் கூடவே. அதனால் சில துறைகளில் கரையோடு கீல் போட்டு இணைத்த பாலம் ஒன்று இருக்கும். அதன் கடல் பக்க முனை, நீர்மட்டத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். சில இடங்களில் சரிவான கான்கிரீட் தளம் மட்டும்தான். நீர் எங்கே நிற்கிறதோ அங்கே படகு தன் சாய்தளத்தை இறக்கிவிடும்.

இதற்கு மேல் வண்டிகளின் எடை. நீர்மட்டத்தில் 400 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். அது 1 சென்டிமீட்டர் அமிழ 4 கன மீட்டர் கடல்நீரை விலக்க வேண்டும், அதாவது 4.1 டன். 20 டன் லாரி ஏறினால் 5 சென்டிமீட்டர் அமிழும். ஆனால் அது சராசரிக் கணக்கு. லாரி முதலில் மிதிப்பது படகின் முனையை. எனவே அந்த முனை இன்னும் அதிகமாகத் தாழும். பல சிறிய ஃபெர்ரிகள் அப்போது கயிறு கூடக் கட்டுவதில்லை. புரொப்பல்லரை ஓடவிட்டு, கரையை மெதுவாக அழுத்தியபடியே நிற்கின்றன.

காற்றும் நீரோட்டமும் பக்கவாட்டில் தள்ளும்போது அப்படி நிற்க, முன்னும் பின்னும் மட்டும் தள்ளும் சாதாரணப் புரொப்பல்லர் போதாது. ஆஸ்திரியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் 1920களில் உருவாக்கிய ஏற்பாடு இங்கே அருமையாகப் பொருந்துகிறது. படகின் அடியில் சுழலும் வட்டத்தட்டு. அதிலிருந்து செங்குத்தாகத் தொங்கும், கத்தி போன்ற அலகுகள். ஒவ்வொரு சுற்றிலும் அலகுகளின் கோணம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தை எந்தப் பக்கம் அமைக்கிறோமோ அதற்கேற்பத் தள்ளுவிசையின் திசை அமையும். சுக்கானே வேண்டாம். படகு பக்கவாட்டிலும் நகரும்.

சரி, இத்தனை வசதியான திறந்த தளத்தில் ஆபத்து எங்கே? தண்ணீரில். 30 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் 10 சென்டிமீட்டர் நீர் தேங்கினால் எடை 31 டன். எடையை விட மோசம் அதன் ஓட்டம். தட்டில் ஊற்றிய நீர் போல, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டுகிறது. தளத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு சுவர் எழுப்பினால் இந்த விளைவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் தடையில்லாமல் வண்டி ஓடத்தானே அந்தத் தளம்! 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸேபுருக் துறைமுகத்துக்கு வெளியே 'ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' என்ற பெரிய ஃபெர்ரி, முன்கதவு திறந்தபடியே கிளம்பிச் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவு மூடியிருக்கிறதா என்பதை மாலுமி அறையிலேயே காட்டும் விளக்குகள் அதற்குப் பிறகுதான் கட்டாயமாயின. திறந்த தளமுள்ள சிறிய ஃபெர்ரிகளில், நீர் தேங்காமல் வெளியேற ஓரச் சுவர்களின் அடியில் திறப்புகள் விட்டிருப்பார்கள். அவற்றை எதுவும் அடைக்காமல் பார்த்துக்கொள்வது ஊழியர்களின் வேலைகளிலேயே முக்கியமானது என்பேன்.

இப்போது கரை நிமிடங்களில் இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது: மின்னேற்றம். ஒரே தூரம், ஒரே துறைகள் என்பதால் ஃபெர்ரிக்கு பேட்டரி நன்றாகவே பொருந்துகிறது. நார்வேயில் சோங்னே ஃபியோர்டு என்ற நீண்ட, குறுகிய கடற்கழியைக் கடக்க 'ஆம்பியர்' என்ற மின்படகு 2015இல் ஓடத் தொடங்கியது. 120 கார் கொள்ளும் அந்தப் படகின் பேட்டரி சுமார் 1,000 கிலோவாட் மணி. சுமார் 10 நிமிடம்தான் கரையில் நின்றது. அதற்குள் அடுத்த பயணத்துக்கான மின்சாரத்தை ஒரேயடியாக இழுத்தால் அந்தச் சிறிய ஊர்களின் மின்வலை தாங்காது. அதனால் இரு கரைகளிலும் பேட்டரிகளை வைத்தார்கள். படகு கடலில் இருக்கும்போது அவை மெதுவாக நிரம்பின, வந்ததும் படகுக்குக் கொடுத்துவிட்டன. அங்கே புரொப்பல்லரால் கரையை அழுத்தி நிற்கவும் வேண்டியிருக்கவில்லை. துறையில் இருந்த வெற்றிட உறிஞ்சு தட்டுகள் படகின் பக்கத்தைப் பற்றிக்கொண்டன.