இரண்டிரண்டாகக் கேட்டால்

அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து கெய்ரோ, டோக்கியோ, சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ, லண்டன், மான்ட்ரியல் ஆகிய ஆறு ஊர்களும் எவ்வளவு தூரம்? மைல் கணக்கில் சொல்லச் சொன்னால் பலரும் திணறிப்போவார்கள். தாமஸ் சாட்டி என்ற கணிதவியலாளர் இதையே வேறு மாதிரி கேட்டார். ஆறில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எது அதிகத் தூரம்? சுமாராக எத்தனை மடங்கு? அப்புறம் அடுத்த இரண்டு. ஆறு ஊர்களுக்கு மொத்தம் 15 சோடிகள்தான். மைல் என்ற பேச்சே வேண்டாம்.

வந்த பதில்களைத் தனித்தனியே பார்த்தால் சிரிப்புதான் வரும். டோக்கியோ கெய்ரோவைவிட 3 மடங்கு தூரம் என்று ஒரு பதில். உண்மையில் 1.3 மடங்குதான். லண்டன் சான் பிரான்சிஸ்கோவைவிட 3 மடங்கு என்று இன்னொன்று. அதுவும் உண்மையில் 1.3தான். ஆனால் 15 பதில்களையும் ஒன்றாகக் கணக்கில் போட்டபோது, ஆறு தூரங்களின் கூட்டுத்தொகையில் டோக்கியோவின் பங்கு 39.7 சதவீதம் என்று வந்தது, உண்மை 36.1. கெய்ரோ 26.2, உண்மை 27.8. லண்டன் 16.4, உண்மை 17.7. சிகாகோ 3.3, உண்மை 3.2. தப்பும் தவறுமான 15 பதில்களிலிருந்து ஏறக்குறைய சரியான ஒரு வரைபடம் கிடைத்துவிட்டது.

காரணம் எளிது. ஆறு ஊர்களை ஒன்றோடொன்று பொருத்திக் காட்ட ஐந்து ஒப்பீடுகளே போதும். நாம் கேட்டதோ 15. கெய்ரோவுக்கும் டோக்கியோவுக்கும் உள்ள விகிதத்தை நேரடியாக ஒருமுறை கேட்டோம். லண்டன் வழியாக, சிகாகோ வழியாக, மான்ட்ரியல் வழியாக என்று சுற்றுவழியிலும் அதே தகவல் வந்து சேர்கிறது. நேரடிப் பதில் பிசகினால் சுற்றுவழிப் பதில்கள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. 3 மடங்கு என்று சொல்லப்பட்ட டோக்கியோ–கெய்ரோ விகிதம் இறுதியில் 1.5 ஆக இறங்கியது இப்படித்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாட்டியின் அளவுகோலில் 9 மடங்குக்கு மேல் சொல்ல இடமில்லை. டோக்கியோ மான்ட்ரியலைவிட உண்மையில் 18 மடங்குக்கும் அதிகத் தூரம். பதிலில் 9 என்றுதான் போட முடிந்தது. ஆனாலும் கணக்கின் முடிவில் அந்த விகிதம் 14-ஐத் தாண்டிவிட்டது. கேள்வியில் இருந்த கூரையை மற்றச் சோடிகள் சேர்ந்து பிய்த்துவிட்டன.

கண் மருத்துவர் கண்ணாடி எண் பார்க்கும் முறையும் இதே வகைதான். "உங்கள் பார்வை எவ்வளவு மங்கல்?" என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. இந்த லென்ஸா, அந்த லென்ஸா என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். உளவியலில் இது பழைய சங்கதி. லூயிஸ் தர்ஸ்டோன் 1927-லேயே, எந்தக் குற்றம் அதிகக் கொடியது என்று குற்றங்களைச் சோடி சோடியாக ஒப்பிடச் சொல்லி, அந்தப் பதில்களிலிருந்து ஓர் அளவுகோலைக் கட்டினார்.

சாட்டி 1926-ல் ஈராக்கின் மோசுல் நகரில் பிறந்தவர். 1960-களில் அமெரிக்க அரசின் ஆயுதக் கட்டுப்பாட்டு முகமையில் வேலை பார்த்தார். அணு ஆயுதப் பேச்சுவார்த்தையில் எதை விட்டுக்கொடுப்பது, எதைப் பிடித்துக்கொள்வது என்பது போன்ற கேள்விகளுக்கு மைலும் கிடையாது, கிலோவும் கிடையாது. அளவே இல்லாதவற்றை அளப்பது எப்படி என்ற அந்தத் தேடல்தான் பின்னர் அவரை இந்த முறைக்குக் கொண்டுவந்தது. 1977-ல் கட்டுரையாகவும் 1980-ல் புத்தகமாகவும் வந்தது. பகுப்பாய்வுப் படிநிலை முறை என்று சொல்லலாம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஏஎச்பி என்பதுதான் புழக்கத்தில் உள்ள பெயர்.

படிநிலை என்றால், உச்சியில் நோக்கம், அதன்கீழ் காரணிகள், அடியில் தேர்வுகள். வாடகைக்கு வீடு பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். காரணிகள் மூன்று: தண்ணீர் வசதி, வாடகை, அலுவலகத் தூரம். முதலில் காரணிகளைத் தங்களுக்குள் ஒப்பிட வேண்டும். 1 என்றால் இரண்டும் சமம், 3 என்றால் ஓரளவு முக்கியம், 5 நன்றாகவே முக்கியம், 7 மிக முக்கியம், 9 என்றால் ஒப்பிடவே வேண்டாம், அவ்வளவு முக்கியம். நடுவில் நிற்பவர்களுக்கு இரட்டைப்படை எண்கள். வாடகையைவிடத் தண்ணீர் 2, தூரத்தைவிட வாடகை 3, தூரத்தைவிடத் தண்ணீர் 4 என்று ஒருவர் சொல்கிறார். எதிர்த்திசைக்குத் தலைகீழ் பின்னம்: தண்ணீரைவிட வாடகை 1/2.

இதை மூன்று வரிசை, மூன்று நிரல் கொண்ட கட்டத்தில் எழுதினால் தண்ணீரின் வரிசை 1, 2, 4. மூன்றையும் பெருக்கினால் 8, அதன் கனமூலம் 2. வாடகையின் வரிசையைப் பெருக்கினால் 1.5, கனமூலம் 1.14. தூரத்துக்கு 0.44. இந்த மூன்றையும் கூட்டி, கூட்டுத்தொகையால் ஒவ்வொன்றையும் வகுத்தால் தண்ணீருக்கு 56 சதவீதம், வாடகைக்கு 32, தூரத்துக்கு 12. சாட்டி சொன்ன வழி இதைவிடச் சற்றுக் கனமானது: ஐகன் திசையன். பயப்பட ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் சம எடை கொடுத்துத் தொடங்கி, கட்டத்தால் பெருக்கி, வந்த எடைகளை மறுபடி பெருக்கி, விகிதம் அசையாமல் நிற்கும்வரை செய்துகொண்டே இருந்தால் கிடைப்பது அதுதான். எண்கள் எல்லாம் நேர்மமாக இருக்கும்வரை அது கட்டாயம் ஓரிடத்தில் நிற்கும் என்பதற்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெரோன் என்பவரின் தேற்றம் வந்துவிட்டது. மூன்று காரணிகள் என்றால் இரு வழியும் ஒரே விடையைத் தரும்.

சரி, அடுத்து ஒவ்வொரு காரணிக்கும் வீடுகளை இதேபோல் சோடியாக ஒப்பிட்டு, கிடைத்த மதிப்பை அந்தக் காரணியின் எடையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். எந்த வீட்டுக்கு அதிகமோ அது முதலிடம். கணக்கு கணினிக்கு நொடி வேலை. பதில் சொல்பவருக்குத்தான் சிரமம். ஏழு காரணிகள், ஏழு வீடுகள் என்றால் 168 கேள்விகள். நூறாவது கேள்விக்குமேல் மனிதர் பதில் சொல்கிறாரா, தப்பித்துப் போகப் பார்க்கிறாரா என்பது சந்தேகமே.

அதைக் கண்டுபிடிக்கவும் இந்த முறைக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. என் கணிப்பில் ஏஎச்பியின் மிக நல்ல பகுதி அதுதான். மேலே நம் ஆள் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். தண்ணீர் வாடகையைப்போல் 2 மடங்கு, வாடகை தூரத்தைப்போல் 3 மடங்கு என்றால், தண்ணீர் தூரத்தைப்போல் 6 மடங்கு இருக்க வேண்டும். அவர் சொன்னது 4. சிறு பிசகு. கட்டம் முழு இசைவோடு இருந்தால் அதன் பெரிய ஐகன் மதிப்பு (விகிதம் அசையாமல் நின்றபின், கட்டத்தால் ஒருமுறை பெருக்கினால் எடைகள் எத்தனை மடங்காகின்றன என்ற எண்) சரியாக 3 இருக்கும், இங்கே 3.018. இந்த உபரியை, கண்ணை மூடிக்கொண்டு எண்களை நிரப்பிய கட்டங்களின் சராசரி உபரியோடு ஒப்பிடுவார்கள். அந்த விகிதம் 0.1-க்குள் இருந்தால் ஏற்கலாம் என்பது சாட்டியின் விதி. இங்கே 0.016. பிலடெல்பியா கட்டத்துக்கு சுமார் 0.07. இதே ஆள் கடைசிப் பதிலில் தடுமாறி, தண்ணீரைவிடத் தூரம்தான் 4 மடங்கு முக்கியம் என்று சொல்லியிருந்தால் விகிதம் 1-ஐத் தாண்டியிருக்கும். அதாவது கண்ணை மூடிக்கொண்டு எழுதியதைவிட மோசம். அப்போது அவரிடம் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கலாம்.

ஆனால் 0.1 என்ற எல்லைக்கு ஆழமான காரணம் எதுவும் இல்லை; வசதிக்காக வைத்த கோடுதான். மேலும், ஒருவர் முன்னுக்குப்பின் முரணில்லாமலே முழுத் தவறாகவும் பேசலாம். பிலடெல்பியா கணக்கு அவ்வளவு அழகாக வந்ததற்கு, தூரம் என்பது உலகில் உண்மையாகவே இருக்கும் ஓர் அளவு என்பதும் காரணம். "வாடகையைவிடத் தண்ணீர் 2 மடங்கு முக்கியம்" என்பதை எந்த நாடாவை வைத்துச் சரிபார்ப்பது? எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வாடகை என்று சொல்லாமல் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு.

இதைவிடக் கூர்மையான அடி 1983-ல் விழுந்தது. பெல்டன், கியர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சிறு உதாரணம் காட்டினார்கள். சம எடையுள்ள மூன்று காரணிகள். அ, ஆ, இ என மூன்று தேர்வுகள். அ-வின் மதிப்புகள் 1, 9, 8. ஆ-வுக்கு 9, 1, 9. இ-க்கு எல்லாமே 1. ஒவ்வொரு காரணியிலும் கூட்டுத்தொகை 1 வருமாறு வகுத்துக் கணக்கிட்டால் ஆ 0.47, அ 0.45. ஆ முதலிடம். இப்போது ஆ-வை அப்படியே நகலெடுத்து ஈ என்று நான்காவதாகச் சேருங்கள். புதுத் தகவல் எதுவும் வரவில்லை. ஆனால் அ 0.37, ஆ 0.29 என்று வரிசை புரண்டுவிடுகிறது. போட்டியில் ஒரு இரட்டையர் நுழைந்ததும் முதலிடக்காரர் தோற்றுப்போகிறார்.

கோளாறு அந்த வகுத்தலில் இருக்கிறது. ஒவ்வொரு காரணிக்கும் மொத்தம் 1 என்று வைத்துப் பங்கு பிரித்தால், ஒத்த பலமுள்ள தேர்வுகள் அந்தப் பங்கைத் தமக்குள் பிய்த்துக்கொள்கின்றன. ஆ வலுவாக இருந்த முதல் காரணியிலும் மூன்றாவதிலும் நகல் வந்து பாதியை அள்ளிக்கொண்டது. அ வலுவாக இருந்த இரண்டாவதில் நகலுக்குப் பலமே இல்லை; அதனால் அ-வின் பங்கு அதிகம் குறையவில்லை. இதற்குப் பெல்டனும் கியரும் சொன்ன மருந்து, கூட்டுத்தொகையால் வகுக்காமல் அந்தக் காரணியில் முதலில் நிற்பவரின் மதிப்பால் வகுப்பது. அப்படிச் செய்தால் அ 2.0, ஆ 2.11, நகல் வந்தாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. சாட்டி வெகுகாலம் மல்லுக்கு நின்றார். பங்கு பிரிவது சில நேரங்களில் நியாயமே, ஒரே மாதிரி பொருள் நிறைய இருந்தால் அதன் மதிப்பு குறையத்தானே செய்யும் என்பது அவர் கட்சி. ஆனாலும் பிற்பாடு இந்த இரண்டாவது கணக்கையும் தன் முறையில் ஒரு தேர்வாகச் சேர்த்துக்கொண்டார். அதிலும் ஓட்டை உண்டு: ஏதாவதொரு காரணியில் எல்லோரையும் மிஞ்சும் புதியவர் வந்தால், வகுக்கும் எண்ணே மாறி, மற்றவர்களின் வரிசை அப்போதும் புரளலாம். வீட்டுத் தரகர் கடைசி நேரத்தில் "சார், இன்னொரு வீடு இருக்கு" என்று வந்தால், பழைய பட்டியலின் கடைசியில் அதை ஒட்டவைக்காமல் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பதே உத்தமம்.