"கரண்ட் வெச்சு ஒரு வருசம் ஆச்சே, அதையும் சொல்லணுமா?"

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்திருந்தார். "அவிய வெட்டுற மரத்துல எல்லாம் காயம் விழுது டாக்டர். 30 வருசமா வெட்டுற கை" என்றார். பால்வெட்டில் கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் உள்ளே தடியில் பட்டுவிடும். வலது கை தடுமாறுவது வீட்டில் தெரிவதற்கு முன்பே மரத்தில் தெரிந்திருக்கிறது.

நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவியதால், திருவனந்தபுரத்தில் ரேடியோசர்ஜரி செய்துகொண்டவர். கட்டி இருக்கும் இடத்தை மட்டும் குறிவைத்து அதிக அளவில் கொடுக்கும் கதிர்வீச்சு அது. அப்புறம் நாகர்கோவிலில் இம்யூனோதெரபி ஊசி. புது எம்.ஆர்.ஐ. அறிக்கையில் கட்டி பெரிதாகியிருப்பதாக எழுதியிருந்தது. படம் எடுத்த இடத்தில் கதிர்வீச்சு எடுத்ததைச் சொன்னீர்களா என்று கேட்டேன். அதற்கு அந்த அம்மா சொன்ன பதில்தான் தலைப்பு. கரண்ட் என்று அவர் சொன்னது கதிர்வீச்சைத்தான்.

சொல்லத்தான் வேண்டும். கதிர்வீச்சில் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களும் அடிபடுகின்றன. அவை மெல்லக் கசிந்து, சுற்றிலும் நீர் கோத்து, சிலருக்கு அந்தத் திசுவே செத்துப்போகும். ரேடியேஷன் நெக்ரோசிஸ் என்று பெயர். பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் வரும், அதற்குப் பிறகும் வரலாம். இம்யூனோதெரபி உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுவதால், ஏற்கெனவே புண்பட்ட இடத்தில் வீக்கம் கூடும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் ட்ராஸ்டுசுமாப் எம்டான்சின் ஊசியிலும் இந்த ஆபத்து உண்டு. மெதோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்து வேறு மாதிரி: மூளைக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகு அதைக் கொடுத்தால் வெண்பகுதி பாதிக்கப்பட்டு, நம் ஊரில் சொல்வதுபோல் 'ஓர்ம' (நினைவு) கெடும். எதை முதலில் கொடுப்பது என்பதில் மருத்துவர்கள் இவ்வளவு யோசிப்பது அதனால்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைக்கட்டிக்குக் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 100-க்குச் சுமார் 10 பேர் 2 ஆண்டு கடந்து வாழ்ந்தார்கள். டெமோசோலமைடு மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் சுமார் 26 பேர். 2005-இல் வெளியான ஆய்வு இது. அந்த நோயாளிகளுக்கும் சிகிச்சை முடிந்த முதல் 3 மாதத்தில் படம் எடுத்தால் கட்டி வளர்ந்ததுபோலத் தெரியலாம். பலருக்கு மருந்தை மாற்றாமலே அது தானாகக் குறையும்.

வீக்கமா, திரும்பி வந்த நோயா என்று சாதாரண எம்.ஆர்.ஐ.யில் பிரித்துச் சொல்வது கடினம். பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. உதவும்: உயிருள்ள கட்டிக்கு ரத்த ஓட்டம் அதிகம், செத்த திசுவுக்குக் குறைவு. அதிலும் தெளிவில்லை என்றால் சில நேரம் அந்த இடத்துத் திசுவைக் கொஞ்சம் எடுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். பால்வெட்டுகாரருக்கு ரத்த ஓட்டம் குறைவாக இருந்தது. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெதசோன் தொடங்கினோம். மூன்றாவது வாரம் சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டு வந்தார். அந்த மருந்து போதாமல் போனால் பெவாசிசுமாப் ஊசி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. டெக்சாமெதசோனில் சர்க்கரை ஏறும். உடம்பு தேறிவிட்டது என்று திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்காரர்கள் கதிர்வீச்சுக்கு ஒரு ஊர், ஊசிக்கு ஒரு ஊர் என்று போகிறோம். ஃபைல்களும் அப்படியே சிதறிக் கிடக்கின்றன. கதிர்வீச்சு முடியும் நாளில் தரும் சுருக்கத்தை போனில் படம் எடுத்து வையுங்கள். மூளையில் எந்த இடம், எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு), எத்தனை முறை, எந்தத் தேதி என்று அதில் இருக்க வேண்டும். ஊசி, மாத்திரைகளின் பெயரையும் கடைசியாக எடுத்த நாளையும் அதன் கீழே குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக வலிப்பு, காலையில் வாந்தியோடு தலைவலி, நாக்குழறல், ஒரு பக்கம் பலமின்மை, ஓயாத தூக்கம் என எது வந்தாலும் அடுத்த ஊசி நாள்வரை காத்திருக்காமல் அன்றே வாருங்கள். வரும்போது அந்தப் படத்தை முதலில் காட்டுங்கள்.